ஒரு காலைக்கு ஒரு மலை: மதுரைச் சமணக் குன்றுகளில் நடப்பவர்களுக்கு

மதுரையைச் சுற்றி நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குள் சமணத் துறவிகள் தங்கியிருந்த குன்றுகள் பத்துக்கும் மேல் இருக்கின்றன. காரை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் நாலு மலையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் போனால் நாலு இடத்திலும் வழுவழுப்பான சில கல்லும் தொல்லியல் துறைப் பலகையும்தான் கண்ணில் படும். அடிவாரத்தில் கண்மாய், கரையில் அய்யனாரோ கருப்போ, சரிவில் சுனை, சுனைக்குப் பக்கத்தில் குகை என்று கீழிருந்து நடந்து ஏறினால்தான் துறவி ஏன் இந்தப் பொடவை, அதாவது இந்தப் பாறைக் குகையை, தேர்ந்தெடுத்தார் என்பது பிடிபடும். பிச்சைக்கு ஊருக்குள் இறங்கி வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடக்கூடிய தூரம். மழைக்காலத்தில் ஊர் ஊராகப் போகாமல் ஒரே இடத்தில் தங்க வேண்டிய விதிக்கு ஏற்ற கூரை. பக்கத்தில் வணிகர்கள் போய்வரும் பாதை. இதெல்லாம் கார் கண்ணாடி வழியே தெரியாது. அதனால் ஒரு காலைக்கு ஒரு மலை போதும். மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதல் மலையாகக் கீழக்குயில்குடி சமணர்மலையைச் சொல்வேன். தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டை வரை போய், அங்கிருந்து உள்ளே திரும்ப வேண்டும். மலையடிவாரத்தில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரம், தாமரைக்குளம். வண்டியை இங்கேயே விட்டுவிடலாம். பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, கோயிலுக்குப் பின்னால் தெரியும் படிக்கட்டைப் பார்த்ததும் நேராக ஏறிவிடுவது. முதலில் ஏற வேண்டாம். மலையின் தென்மேற்குப் பக்கமாக அடிவாரத்தை ஒட்டியே நடந்து செட்டிப்புடவுக்குப் போங்கள். வெயில் ஏறும்முன் உச்சிக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில் இதைக் கடைசிக்கு வைப்பவர்கள், களைத்துப் போய் வாசலிலேயே ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கே பார்க்க வேண்டியதில் பாதி உள்ளேதான் இருக்கிறது.

குகை வாசலின் இடப்பக்கம், சமணர்கள் வணங்கும் குருவான தீர்த்தங்கரர் ஒருவரின் பெரிய சிற்பம், அமர்ந்த கோலத்தில். தொங்கும் காதைப் பார்த்துச் செட்டியார் என்று ஊர்க்காரர்கள் வைத்த பெயர்தான் இடத்துக்கே நின்றுவிட்டது. அதைப் பார்த்து முடித்ததும் குனிந்து உள்ளே போய் உட்காருங்கள். நின்றால் தெரியாது, உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். வளைந்த கூரையில் வரிசையாக ஐந்து சிற்பங்கள். ஒரு கோடியில் சிங்கத்தின் மேல் ஒரு பெண், வில்லும் அம்புமாக. அதே சிற்பத்தில் அவளுக்கு எதிரே யானை மேல் வாளும் கேடயமும் ஏந்திய வீரன். நடுவில் மூன்றடுக்குக் குடையான முக்குடைக்குக் கீழே மூன்று தீர்த்தங்கரர்கள். மறுகோடியில் ஒரு காலை மடித்து அமர்ந்த இயக்கி, தீர்த்தங்கரருக்குக் காவலான பெண் தெய்வம். சிங்கப் பெண்ணை அவசரமாகப் பார்த்தால் துர்க்கை என்றே நினைத்துவிடுவோம். அவளும் சமண இயக்கிதான். கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் கொடுத்தால் டார்ச்சே தேவைப்படாது. சிற்பங்களுக்குக் கீழே இருக்கும் வட்டெழுத்து (வளைந்த பழைய தமிழ் எழுத்து) வரிகளையும் விட்டுவிடாதீர்கள்.

பிறகு திரும்பி வந்து கோயிலுக்குப் பின்னால் ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனையும் அதை ஒட்டிய பாறையில் எட்டுச் சிற்பங்களும். ஐந்து தலை நாகம் குடை பிடிக்க நிற்பவர் பார்சுவநாதர், கால்களில் கொடி சுற்றியவர் பாகுபலி. இந்த இரண்டு அடையாளம் தெரிந்தால் மற்ற மலைகளிலும் பாதிச் சிற்பங்களைத் தானாகவே இனம் காணலாம். ஒரு சிற்பத்தின் கீழ் ‘அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி’ என்று வெட்டியிருக்கிறது. அச்சணந்தி என்பவர் மதுரைக் குன்றுகள் பலவற்றில் சிற்பம் செய்வித்த துறவி; இங்கே அவருடைய அம்மா பெயரிலேயே ஒன்று. இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளி இருந்த இடத்தின் அடித்தளம், அதற்கும் மேலே விளக்குத்தூண், பக்கத்தில் சமணத் துறவியர் பெயர்கள் கொண்ட கன்னடக் கல்வெட்டு. மதுரை மலையில் கன்னடமா என்று வியப்பவர்கள் உண்டு. பாறையில் எழுத்தின் உயரம் குறைவுதான். நேராக நின்று தேடினால் தெரியாமல் போகும், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

பேச்சிப்பள்ளத்திலிருந்து உச்சிவரை பாறையில் வெட்டிய படிகள்தான். ஏறுவதைவிட இறங்குவதே சிரமம். இறங்கும்போது குதிகாலை ஊன்றாமல் முழுப் பாதத்தையும் பதித்து, முட்டியை லேசாக மடித்து இறங்க வேண்டும். பாறையில் செதில் செதிலாகப் பிரிந்து நிற்கும் தகடுகள் இருக்கும். காலால் தட்டினால் கடகடவென்று பொள்ளல் சத்தம் கேட்கும். அதன்மேல் ஆள் ஏறக்கூடாது, பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டுக் கழன்று வந்த பட்டை அது.

இனி, குகையை எப்படி அடையாளம் காண்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பொடவாக இருக்கும் பாறையெல்லாம் துறவி தங்கிய இடம் அல்ல. முதலில் பாறையின் நெற்றியைப் பாருங்கள். மழைத் தண்ணீர் வழிந்து உள்ளே வராமலிருக்க, நெற்றியின் குறுக்கே நீளமாகக் காடி வெட்டியிருப்பார்கள். காடி இருந்தால் மனிதர் தங்கினார்கள் என்று நம்பலாம். தமிழின் மிகப் பழைய எழுத்தான பிராமியில் கல்வெட்டு இருந்தால் பெரும்பாலும் அந்தக் காடியை ஒட்டித்தான் இருக்கும், தலைக்கு வெகு மேலே. அதனால்தான் தரையைப் பார்த்துக்கொண்டே வருபவர்கள் கல்வெட்டைத் தவறவிடுகிறார்கள். சின்ன பைனாகுலர் ஒன்று இங்கே கேமராவைவிட உபயோகமானது.

இரண்டாவது, படுக்கை. தரைப்பாறையைத் தளம் போட்டது போல இழைத்து, தலைப்பக்கம் தலையணைக்காகக் கொஞ்சம் உயர்த்தி விட்டிருப்பார்கள். படுக்கைகளுக்கு நடுவே பிரிக்கும் விளிம்பு இருக்கும். மூன்றாவது, குகை முன்னால் தரையிலோ பாறையிலோ தெரியும் குழிகள். பந்தல் கால் நடுவதற்காக வெட்டியவை. இங்கேதான் குழப்பம் வரும். கல் உடைப்பவர்கள் ஆப்பு வைக்க வெட்டிய குழிகளும் வரிசையாகத்தான் இருக்கும். அவை நீள்சதுரமாக, விரல் நீள இடைவெளியில், ஒரே நேர்கோட்டில் போகும். அந்தக் கோட்டிலேயே பாறை பிளந்தும் இருக்கும். பந்தல் குழிகள் அகலம், இடைவெளி அதிகம். பாறை முகத்தில் பாதிக் குழாய் போல நீளமான வட்டத் தடம் தெரிந்தால் அது இக்காலத்துத் துளைக் கருவி, குவாரிக்காரர் வேலை.

எழுத்தைப் பார்க்கும் வேளையும் முக்கியம். உச்சி வெயிலில் நேர் வெளிச்சத்தில் கல்வெட்டு மறைந்துவிடும். காலையோ மாலையோ சாய்ந்த வெளிச்சம் பாறையைத் தடவிக்கொண்டு போகும்போதுதான் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். நிழலான குகையில் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும்; நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாக்பீஸ் தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, எண்ணெய் தடவுவது எதுவும் கூடாது. சில சிற்பங்களில் பழைய சுண்ணாம்புப் பூச்சும் வண்ணமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ஒரு பாட்டில் தண்ணீர் போதும் அதைக் கழற்ற.

தமிழ் பிராமியைப் படிக்கப் பயிற்சி வேண்டும். ஆனால் அடையாளம் காணப் பத்து நிமிடம் போதும். கோடுகள் நேராக, எழுத்துகள் தனித்தனியாக நிற்கும். கூட்டல் குறி போல இருந்தால் ‘க’. நிற்கும் ஒற்றைக் கோடு ‘ர’. ஒரு பக்கம் உயர்ந்த வாய் திறந்த கிண்ணம் ‘ப’. ‘பளி’ அல்லது ‘பளிஇ’ என்ற சொல் அடிக்கடி வரும். துறவிகள் தங்கும் இடமான பள்ளி அது. எழுத்து உருண்டு வளைந்து சங்கிலியாகப் போனால் வட்டெழுத்து. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டு இடைவெளி என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பல குழப்பம் தீரும். படுக்கைகளும் பிராமியும் கி.மு. 2-ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. சிற்பங்களும் வட்டெழுத்தும் கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டு. ஒரே குகையில் இரண்டும் இருந்தால், வெட்டியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

இரண்டாவது நடைக்கு அரிட்டாபட்டி. மதுரை–மேலூர் சாலையிலிருந்து உள்ளே போகும் ஊர். இங்கே நடையைக் கண்மாய்க் கரையில் தொடங்க வேண்டும். ஒரு பக்கம் கழிஞ்சமலையைக் குடைந்த முற்காலப் பாண்டியர் சிவன் கோயில், வேறெங்கும் எளிதில் கிடைக்காத, சிவனின் ஒரு வடிவமான இலகுலீசர் சிற்பத்தோடு. இடைச்சி மண்டபம் என்று கேட்டால்தான் ஊரில் வழி சொல்வார்கள். இன்னொரு பக்கம் சமணர் குகை, அங்கே பிராமிக் கல்வெட்டுகள் இரண்டு. ஒன்று 1971-இலும் மற்றது 2003-இலும் தெரிய வந்தவை. பாறையில் தீர்த்தங்கரர் சிற்பமும் உண்டு. அச்சணந்தி செய்வித்த இந்தத் திருமேனி பாதிரிக்குடியார் பாதுகாப்பில் என்கிறது வட்டெழுத்து. காவலைப் பக்கத்து ஊர்க்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனபோது சுற்றுக் கிராமங்கள் திரண்டு எதிர்த்ததில், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. காவல் இன்னும் ஊரார் கையில்தான்.

இந்தப் பாறை விளிம்புகளில் ராசாளிகளும் வல்லூறுகளும் கூடு கட்டுகின்றன. உச்சியில் நின்று கத்துவது, ட்ரோன் விடுவது இரண்டும் கூட்டைக் கைவிட வைக்கும். ட்ரோனுக்கு எப்படியும் அனுமதி கிடையாது.

மாங்குளம் மலைக்குக் கால் பழகிய பிறகு போங்கள். மீனாட்சிபுரத்துக்கு மேலே செங்குத்தான ஏற்றம், குகைகளும் சிதறிக் கிடக்கும், எல்லாவற்றையும் பார்க்க இறங்கி ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். 1882-இல் இராபர்ட் சீவெல் கண்டெடுத்த கல்வெட்டுகள் இங்கேதான். பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் வருவதால் பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் இதற்குத் தனி இடம். வெள்ளறை ஊர் வணிகர் குழுவும் இங்கே கொடை கொடுத்திருக்கிறது. வணிகர்களைப் பற்றிப் பார்க்க வேண்டுமானால் அழகர்மலையின் கிடாரிப்பட்டிப் பக்கம் இன்னும் நல்ல இடம். உப்பு வணிகன், கொழு வணிகன், துணி விற்ற அறுவை வணிகன், மதுரைப் பொன்கொல்லன் என்று தெருவே நிற்கிறது பாறையில். சமணர்மலைத் தொடரின் மறுகோடியான முத்துப்பட்டிக் குகையில் முசிறிக்காரர் ஒருவர் பெயர் இருக்கிறது. மேற்குக் கடற்கரையிலிருந்து வந்தவர். ஒத்தக்கடை யானைமலையில் கி.பி. 770-ஆம் ஆண்டைச் சேர்ந்த நரசிங்கர் குடைவரை அடிவாரத்திலேயே இருப்பதால் படி ஏற முடியாதவர்களுக்கும் அது ஏற்றது. பக்கத்தில் லாடன் கோயில். சமணர் குகைக்கு மட்டும் மேலே ஏற வேண்டும்.

வழி கேட்பதில் ஒரு விஷயம். “சமணர் கற்படுக்கை எங்க இருக்கு?” என்று கேட்டால் ஆடு மேய்ப்பவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். “அண்ணே, பஞ்சபாண்டவர் படுக்கைக்கு எப்பிடிப் போகணும்?” என்று கேளுங்கள். அல்லது சுனையைக் கேளுங்கள், குகை அதன் பக்கத்தில்தான் இருக்கும். பல ஊரில் சிற்பத்தையே சாமியாகக் கும்பிடுகிறார்கள். திருநீறு பூசியிருக்கும், எண்ணெய் ஊற்றியிருக்கும். அங்கே நின்று “இது உங்க சாமி இல்ல, தீர்த்தங்கரர்” என்று பாடம் எடுக்க வேண்டாம். கோயில்காட்டுக்குள் செருப்பு போடக்கூடாது என்றால் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் நெல் காயும்போது குறுக்கே நடக்காதீர்கள். வரப்பில் ஆள் வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள்.

காலம்: மார்கழி, தை, மாசி. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் பச்சை அழகாக இருக்கும். ஆனால் பாறையில் கறுப்பாகத் தண்ணீர் வழிந்த தடமெல்லாம் பாசி. காய்ந்தது போலத் தெரிந்தாலும் வழுக்கும். அந்தக் கறுப்புக் கோட்டைக் கடக்காமல் சுற்றிப் போக வேண்டும். சித்திரை, வைகாசியில் போவதாக இருந்தால் விடியும்போது அடிவாரத்தில் நின்று, ஒன்பது மணிக்கெல்லாம் இறங்கிவிடுங்கள். பாறை வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். நிழலில் நின்றாலும் தப்ப முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அதில் அரை லிட்டர் இறங்குவதற்கு என்று தனியாக. சுனைத் தண்ணீரை நம்பி ஏற வேண்டாம்.

செருப்பில் அடிப்பாகம் மெத்தென்று இருந்தால் சீமைக்கருவேல முள் நேராக ஏறிவிடும். கெட்டி ரப்பர் அடியுள்ள ஷூ, முழுக்கால் பேன்ட். முள் குத்தினால் அங்கேயே நின்று எடுத்துவிடுங்கள். முனை உள்ளே முறிந்தால் இரண்டு நாளில் சீழ் வைக்கும். சின்ன இடுக்கி ஒன்று பையில் இருக்கட்டும்.

மலைத்தேனீயை எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பாறை மடிப்புக்குக் கீழே கறுப்பாகத் தொங்கும் அடையைக் கீழிருந்தே பார்த்துவிட்டு ஏறுங்கள். வாசனைத் திரவியம், புகை, உரத்த சத்தம் மூன்றும் அதைக் கிளப்பும். கிளம்பிவிட்டால் கையை வீசாமல், துண்டால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு வந்த வழியே விலக வேண்டும். செங்குத்துப் பாறையில் ஓடினால் கொட்டியதைவிட விழுந்ததுதான் பெரிய காயமாகும். பாம்பில் சுருட்டை விரியன் இந்தக் கற்பாங்கான நிலத்துக்காரன். பார்க்காத இடுக்கில் கை வைக்காதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள். கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கிழக்குப் பக்கக் குன்றுகளுக்கு மேலூர் அரசு மருத்துவமனை கிட்டம், மேற்குப் பக்கத்துக்கு மதுரை இராசாசி.

பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் பெயர் செதுக்கினால் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. இருந்தும் படுக்கைகளின் தலைமாட்டில் ஆணியால் கீறிய காதலர் பெயர்கள் குறையவில்லை. பெயின்டில் எழுதியதைக்கூடத் துறை ஆட்கள் துடைக்கப் பார்க்கலாம். செதுக்கியதை யாராலும் மாற்ற முடியாது. கூட்டமாகப் போகிறவர்கள் குகைக்குள் ஒரே நேரத்தில் ஐந்தாறு பேருக்கு மேல் நுழையாதீர்கள், முதுகுப்பையைக் கழற்றி வெளியே வையுங்கள். குனிந்து திரும்பும்போது பை உரசித்தான் கூரைச் சிற்பங்களின் மூக்கு தேய்கிறது.

முட்டி வலிக்காரர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப் போக வேண்டுமானால் மேலூரைத் தாண்டி, திருப்பத்தூர் சாலையில் கீழவளவு. ஏற்றம் குறைவு. சுற்றிலும் கிரானைட் குவாரிகள் தின்று தீர்த்த பள்ளங்களுக்கு நடுவே பஞ்சபாண்டவர் மலை தப்பி நிற்கிறது. அந்தப் பள்ளங்களின் ஓரத்துக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். விளிம்பு செங்குத்து, தண்ணீரின் ஆழம் தெரியாது. மலையில் உள்ள பிராமிக் கல்வெட்டில் சில எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்டிருக்கின்றன. படம் எடுத்து ஃபோனில் திருப்பிப் பார்த்தால் ‘தொண்டி’ என்ற ஊர்ப்பெயரைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். திரும்பும்போது மேலூரில் மதுரை பஸ் அடிக்கடி கிடைக்கும். கீழவளவிலிருந்து மேலூருக்கு வரும் பஸ்ஸுக்குத்தான் காத்திருக்க வேண்டும். அதனால் இறங்கியதுமே திரும்பும் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.